குழந்தை என் கைக்கு வந்ததும் அழுகிறது, நான் என்ன செய்வது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவி தலைப்பிரசவத்துக்காகக் குடியாத்தத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். பெண் குழந்தை, நாற்பது நாள் ஆகிறது. சனிக்கிழமை வேலை முடித்துப் போனால் ஞாயிறு ராத்திரி திரும்பிவிட வேண்டும். இவர் தூக்கினால் குழந்தை அழுகிறது, உடனே மாமியார் வாங்கிக்கொள்கிறார். "பால் கொடுப்பது அம்மா, குளிப்பாட்டுவது பாட்டி, நான் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன். முதல் நாட்களில் ஒட்டாத குழந்தை பிறகு ஒட்டாது என்கிறார்களே, உண்மையா? அப்பா என்று நான் என்னதான் செய்வது?" இதுதான் கேள்வி.

நான் வேலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிரசவமான வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் பேசுவோம், பாட்டியிடம் பேசுவோம். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள் தம்பி. நாற்பது நாளில் எதுவும் கைமீறிப் போகவில்லை. "இவர்கள் என் ஆட்கள்" என்று குழந்தை பிரித்துப் பார்த்து, அவர்களை மட்டும் தேடி அழுவது ஆறேழு மாதத்தில்தான் நன்றாகத் தெரியும். அதுவரை யார் தூக்குகிறார்கள், யார் துணி மாற்றுகிறார்கள், அழுதால் யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் உடம்பால் கற்றுக்கொண்டே இருக்கும். பெற்றவர் என்பதற்காகக் குழந்தை யாரிடமும் ஒட்டுவதில்லை. திரும்பத் திரும்பத் தனக்கு வேலை செய்கிற கைகளிடம்தான் ஒட்டும். அந்த வேலைக்குள் நீங்கள் எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

உங்கள் மகள் ஏன் அழுகிறாள் என்று பார்ப்போம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தைகளின் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணியும். அதிலும் சாயங்காலத்திலிருந்து ராத்திரி பத்து, பதினொரு மணி வரை அதிகம். உங்கள் மகள் இப்போது சரியாக அந்த ஆறாவது வாரத்தில் இருக்கிறாள். நீங்களோ சனிக்கிழமை ஷிப்ட் முடித்து, வாலாஜா ரோட்டில் ரயில் பிடித்து, காட்பாடி தாண்டிக் குடியாத்தம் போய்ச் சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். யார் தூக்கினாலும் அவள் அழுகிற நேரம் அது. மாமியார் கைக்குப் போனதும் நின்றுவிடுகிறதே என்பீர்கள். அவர் தினமும் அந்த நேரத்தில் தூக்கி நடந்து பழகியவர். எந்தப் பக்கம் சாய்த்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் போய் இறங்கிய உடனே தூக்காதீர்கள். குளித்து உடை மாற்றிவிட்டு மனைவியோடு பேசிக்கொண்டிருங்கள். உங்கள் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. பால் குடித்து, கண்ணை அகலத் திறந்து, கை காலை ஆட்டிக்கொண்டு கிடப்பாள் பாருங்கள், அந்தக் கால் மணி, அரை மணி நேரத்தில் போய் உட்காருங்கள்.

இந்த வயதில் அவளுக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் உங்கள் முகம் அவளுக்கு வெறும் நிழல். முகத்தை அந்தத் தூரத்துக்குள் கொண்டுபோய், மெதுவான குரலில் ஏதாவது பேசுங்கள். என்ன பேசுவது என்று கேட்காத அப்பாவே இல்லை. கம்பெனியில் நடந்ததைச் சொல்லுங்கள், ரயிலில் பார்த்ததைச் சொல்லுங்கள். அம்மாவின் குரலை அவள் வயிற்றுக்குள்ளேயே கேட்டு வந்தவள். உங்கள் குரலை இப்போது கேட்டுத்தான் பழக வேண்டும். நீங்கள் பேசிவிட்டு நிறுத்தினால் அவள் வாயைக் குவிப்பாள், "ங்கா" என்று ஒரு சத்தம் வரும். அது பதில். வரும்வரை காத்திருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், கொட்டாவி விட்டால், விட்டுவிடுங்கள். போதும் என்று சொல்கிறாள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பார்கள். அந்தச் சிரிப்பு வரப்போகிற வாரங்கள் இவை, தவறவிடாதீர்கள்.

தூக்குகிற விதத்தையும் சொல்ல வேண்டும். நம் ஆண்கள் பயத்தில் குழந்தையை உடம்பிலிருந்து விலக்கி, முழங்கையை விறைத்துக்கொண்டு, இரண்டு கையில் ஏந்தி நிற்பார்கள். அந்தரத்தில் தொங்குகிற குழந்தை பயந்து அழாமல் என்ன செய்யும்? இடது முழங்கை மடிப்பில் தலையும் கழுத்தும், இடது உள்ளங்கையில் தொடையும் புட்டமும், குழந்தையின் பக்கவாட்டு முழுக்க உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். வலது கை மேலே அணைத்தபடி. தலை நிற்க இன்னும் நாள் ஆகும், அதுவரை கழுத்தை விடவே கூடாது.

அணைக்கட்டு பக்கம் ஒரு ஊரில் செங்கல் சூளையில் கல் அறுக்கிற ஒருவர், "என் கை உப்புத்தாள் மாதிரி இருக்கு நர்ஸம்மா, புள்ள தோலு கிழிஞ்சிடும்" என்று குழந்தையைத் தொடாமலே இருந்தார். அவர் மனைவிதான் ஒருநாள் அவரைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை நெஞ்சில் குப்புறப் போட்டாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை நாலு தடவை முனகிவிட்டு, கன்னத்தை அவர் நெஞ்சில் தேய்த்துத் தூங்கிப்போனது. அப்புறம்தான் மெதுவாக ஒரு கையை எடுத்து அதன் முதுகில் வைத்தார். அந்த வீட்டில் அதற்கப்புறம் குழந்தையைத் தூங்கவைப்பது அவர் வேலை ஆகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள். நீங்கள் விழித்திருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம்.

இப்படித் தோலோடு தோல் ஒட்டிவைத்துக் காப்பதைக் கங்காரு பராமரிப்பு என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. குறைமாதத்தில், 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றும் முறை இது. அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது அப்பாவே செய்யலாம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது எடை குறைந்த குழந்தை பிறந்திருந்தால், "நான் வைத்துக்கொள்கிறேன்" என்று நர்ஸிடம் நீங்களே கேளுங்கள். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டு, நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களை அகட்டி வைத்து, துணியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். நான் அப்பாக்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்தாசை செய்யாதீர்கள், ஒரு வேலையை முழுசாக உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்தாசை செய்பவரை எப்போது வேண்டுமானாலும் நகரச் சொல்லலாம். பொறுப்பாளியை அப்படி நகர்த்த முடியாது.

நீங்கள் எடுக்க வேண்டிய முதல் வேலை ஏப்பம் விடவைப்பது. பால் கொடுப்பதை அம்மாதான் செய்ய முடியும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். ஆனால் குடித்து முடித்த அந்த நிமிடத்திலிருந்து குழந்தை உங்களுடையது. தோளில் ஒரு துண்டைப் போட்டு, தாடை தோள்மேல் வரும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கை புட்டத்துக்குக் கீழே. இன்னொரு கையைக் குழித்து முதுகில் கீழிருந்து மேலாகத் தடவி, நடுநடுவே மெதுவாகத் தட்டுங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஆகலாம். ஏப்பம் வந்ததும் துணி ஈரமா என்று பார்த்து மாற்றி, தூங்கவைத்து, மல்லாக்கப் படுக்க வைப்பது வரை நீங்களே செய்யுங்கள். பெண் குழந்தை என்பதால் துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி மூன்று தடவை பால் கொடுத்தால், மூன்று தடவையும் இப்படி எழுந்திருங்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் மனைவிக்கு அரைமணித் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். பச்சை உடம்புக்காரிக்கு அதைவிடப் பெரிய சத்து எந்த லேகியத்திலும் இல்லை.

வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு அழும்போது ஒரு பிடி உண்டு. உங்கள் முன்கையின்மேல் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கன்னம் முழங்கைப் பக்கமும் உங்கள் விரல்கள் அவள் தொடையைப் பிடித்தபடியும் வைத்து, இன்னொரு கையை முதுகில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். வயிறு உங்கள் கைமேல் அழுந்துவது அவளுக்கு இதமாக இருக்கும். ஆண்களின் நீண்ட முன்கைக்கு இது நன்றாக வரும். அப்படியும் நிற்காமல் உங்களுக்குக் கோபம் வந்தால், குழந்தையைப் பத்திரமாகக் கீழே படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்தக் காரணத்துக்கும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போய்விடும்.

இனி மாமியார் விஷயம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்ற தாயின் கையில் பத்தியச் சோறு சாப்பிட்டு, கூச்சமில்லாமல் படுத்து எழ ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் தேவை. ஆனால் அங்கே நீங்கள் மாப்பிள்ளை. நாற்காலி போடுவார்கள், காபி தருவார்கள், துணியில் நன்றாகச் சுற்றிய குழந்தையைக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, வாங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்குச் சிரமம் தரக்கூடாது என்ற மரியாதைதான் உங்களை வெளியே நிறுத்துகிறது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தீட்டு என்றும், நட்சத்திரம் சரியில்லை, அப்பா இத்தனை நாள் முகம் பார்க்கக்கூடாது என்றும் தள்ளிவைக்கிற வீடுகளும் உண்டு. அப்படி வந்தால் மறுத்துப் பேசுங்கள். அப்பா தொடுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

மற்றபடி வாதம் வேண்டாம். வேலையைக் கற்றுக்கொள்கிறவராகப் போய் நில்லுங்கள். "அத்தை, இன்னிக்கு நான் குளிப்பாட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள், அப்புறம் சொல்லிக்கொடுப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து அதில் போட்டுக் குளிப்பாட்ட உங்களுக்கு வராவிட்டால், அகலமான டப்பில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போதும். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். ஒரு கை கழுத்தை விடாது. மூக்கில், காதில் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதிவிடுவது, மார்பைப் பிதுக்குவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது ஆகிய நான்கும் வேண்டாம். இதை மருமகள் சொன்னால் சண்டை, மகள் சொன்னால் "உன்னை நான் அப்படித்தான் வளர்த்தேன்" என்ற பதில் வரும். மாப்பிள்ளை தன்மையாகச் சொன்னால் நம் பக்கத்து வீடுகளில் கேட்பார்கள். தேன் தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் வந்து சங்கில் ஊற்றித் தரும் கழுதைப்பால், எதுவாக இருந்தாலும் தடுத்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு. ஒரு வயது வரை தேன் ஆபத்து.

தாய்மை பெண்ணுக்கு இயல்பாக வரும், ஆணுக்கு வராது என்று நினைத்துக் கொண்டிருந்தால், இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 624 இளைஞர்களை 2005-இலிருந்து 2009 வரை தொடர்ந்து கவனித்தார்கள். அப்பா ஆனவர்களுக்கு, ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. இஸ்ரேலில் 2010-இல் வந்த ஓர் ஆய்வில், பாசத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை, குழந்தைக்கு ஆறு வாரமானபோதும் ஆறு மாதமானபோதும் பெற்றோர் இருவரிடமும் அளந்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. வளர்க்கிற வேலைக்கு ஆண் உடம்பும் தயாராகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வார நாட்களில் என்ன செய்வது? முடிந்தால் வாரத்தின் நடுவில் ஒரு ராத்திரி போய்த் தங்குங்கள். தனியார் கம்பெனியில் அப்பாவுக்குச் சட்டப்படி லீவு கிடையாது. அம்மாவுக்கு 2017-இலிருந்து 26 வாரம், மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள், தனியார் கம்பெனி ஆண்களை யாரும் நினைக்கவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். இருக்கிற லீவை முதல் வாரத்திலேயே மொத்தமாகச் செலவழிக்காமல் ஒவ்வொரு நாளாகப் பிரித்து எடுங்கள். போகாத நாளில் போன் செய்தால், "பாப்பா என்ன பண்றா" என்று கேட்கும் முன் "நீ தூங்கினியா, சாப்பிட்டியா" என்று மனைவியிடம் கேளுங்கள். அப்புறம் போனைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி இரண்டு நிமிடம் பேசுங்கள்.

கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். எட்டு மாதக் குழந்தையை முதல்முறை பார்க்க லீவில் வருவார்கள். அந்த வயதில் புது முகம் என்றாலே குழந்தை வீறிடும். ஆசையில் பாய்ந்து தூக்கியவர்களிடம் நாள்கணக்கில் குழந்தை போகாது. பாயில் உட்கார்ந்து, குழந்தை அம்மா மடியில் இருக்கும்போதே ஒரு கிண்ணத்தையோ ஸ்பூனையோ தட்டி விளையாடிக்கொண்டு, அதுவாக நகர்ந்து வரட்டும் என்று விட்டவர்களிடம் சில நாளிலேயே ஒட்டிக்கொண்டது. அத்தனை மாதம் தள்ளியிருந்தவர்களுக்கே முடிந்தது. நீங்கள் வாராவாரம் போகிறவர்.

டேனரி, கெமிக்கல் யூனிட் மாதிரி இடத்தில் வேலை என்றால் வேலை உடுப்போடு குழந்தையைத் தொடாதீர்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் வெளியே குடித்துவிட்டு வந்தாலும் புகை சட்டையிலும் மூச்சிலும் ஒட்டியிருக்கும். விட்டுவிடப் பாருங்கள், அதுவரை சட்டை மாற்றி, வாய் கழுவி, கை கழுவிவிட்டுத்தான் குழந்தையிடம். புகை பிடிப்பவரும், குடித்திருப்பவரும் குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கவே கூடாது.

இன்னொன்று. தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாத எரிச்சலோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது. உங்கள் மகளுக்கு ஆறு வாரத் தடுப்பூசி வருகிறது. நம் துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். வருகிற புதன்கிழமைக்கு ஒரு நாள் லீவு போட்டு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். தாய்சேய் நல அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு சொட்டு மருந்து, மூன்று ஊசி: இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, வலது மேற்கையில் ஒன்று. ஊசி போடும்போது மனைவி பால் கொடுக்க முடிந்தால் வலி குறைவாகத் தெரியும், இல்லையென்றால் நீங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பேசிக்கொண்டே இருங்கள். போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அடுத்த தேதியை அட்டையில் பார்த்து உங்கள் போனில் ஏற்றிவிடுங்கள், பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் நீங்களே போகலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், எதுவும் தடவவும் வேண்டாம். ராத்திரி ஜுரம் வந்தால் நர்ஸ் சொன்ன அளவில் ஜுரத்துக்கான சொட்டு மருந்து கொடுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ராத்திரி அவள் சிணுங்கிக்கொண்டேதான் இருப்பாள். ஊருக்குத் திரும்பாமல் தங்கி, தோளில் போட்டுக்கொண்டு நடங்கள்.